கதிரேசன் தூங்கும் நேரம்

கதிரேசனுக்கு வந்த முதல் மெமோவில் "பணி நேரத்தில் உறங்கியது" என்று மட்டும் இருந்தது. இரண்டாவதில் "நின்றுகொண்டே உறங்கியது" என்று விவரமாக எழுதியிருந்தார்கள். தொழிலாளியின் திறமை வளர்வதை மில் நிர்வாகம் கவனிப்பதில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது மெமோ வந்தால் ஸ்பின்னிங்கில் அவனுக்கு இடமில்லை, வேஸ்ட் ரூம்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேஸ்ட் ரூம் என்பது கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளும் இடம். அங்கே போனவர்கள் தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டி, நாற்பது வயதிலேயே எண்பது வயது ஆகிவிடுவார்கள். நிறைந்த நூல் குழல்களைக் கழற்றும் வேலையில் சேர்ந்து, பதினாறு வருஷம் கால் கடுக்க நின்று, சொந்தமாக இரண்டு நூற்பு ஃபிரேம் பார்க்கும் நிலைக்கு வந்தவன் கதிரேசன். ஆயிரம் கதிர்கள் சுற்றும்போது எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்று முதுகுப் பக்கமாகவே தெரியும் என்பார்கள் அவனைப் பற்றி. அப்படிப்பட்டவன் துடைப்பத்தோடு நிற்பதா?

எல்லாம் தொண்ணூற்றைந்தில் வந்த புது மேனேஜரின் கைங்கரியம். அதுவரை ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்ட் சுற்றிக்கொண்டிருந்தது. "வாராவாரம் மாற்றினால் உடம்பு குழம்பிவிடும், ஆறு மாதம் தொடர்ந்து நைட் கொடுத்தால் உடம்பு பழகிவிடும்" என்று மேனேஜர் எங்கேயோ படித்துவிட்டார். அவருடைய உடம்பு காலை ஒன்பதரைக்கு வந்து மாலை ஐந்துக்குப் போவதற்குப் பழகியிருந்தது. நடுவில் ஒரு மணி நேரம் விருந்தினர் அறை சோபாவுக்கும் பழகியிருந்தது.

ஆக, கதிரேசன் ராத்திரி பன்னிரண்டுக்கு உள்ளே போய் காலை எட்டுக்கு வெளியே வருவான். பீளமேட்டில் மில்லுக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஆறு வீடுகள். முன்னால் பொது வாசல், ஒரு குழாய். மூன்றாவது வீடு அவனுடையது. குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணிவரை ஆறு மணி நேரம் கிடைக்கும். கணக்கு சரிதான். ஆனால் கணக்குப் போட்டவர்கள் கொங்கு நாட்டு மரியாதையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கண் செருகும் நேரத்தில் ஜன்னலில் ஒரு குரல் வரும். "ஏனுங்க கதிரேசு, தூங்கறீங்களா?"

முதல் வீட்டு ஐயாசாமி. வேறொரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் பிறர் தாமதமாக வருவதைக் குறித்துக்கொண்டிருந்தவர். இப்போது குறிக்க எதுவும் இல்லாததால் ஊருக்கு உழைக்கிறார். அந்தப் பகுதியில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவதாக அவர் போய்த் தலைவராக நிற்பார்.

"இல்லீங்க ஐயா, சொல்லுங்க."

"தூங்குங்க, தூங்குங்க. நான் தொந்தரவு பண்ண வரலை. பேப்பர் வந்துருச்சான்னு கேக்கலாம்னு வந்தேன். நைட் ஷிப்ட்காரங்க தூங்கோணும். நீங்க எந்திரிக்காதீங்க. பேப்பர் எங்க இருக்குது?"

அவர் போனால் ஊரிலிருந்து உறவுக்கார ஒறம்பரை வரும். வெள்ளகோவிலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த பங்காளி ஒருவர் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் நிற்பார். கதிரேசனின் மனைவி பொற்கொடி, "குடுத்துட்டுப் போங்க மாமா, எந்திரிச்சதும் சொல்லிடறேன்" என்றால் அவர் முகம் மாறும்.

"பத்திரிகைய ஊட்டுக்காரர் கையில குடுக்காமப் போனா நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும் அம்மணி. எழுப்ப வேண்டாம், தூங்கட்டும். நான் பாட்டுக்கு இங்கயே உக்காந்துருக்கறேன்."

எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மெதுவாக, மிக மெதுவாக, இருமிக்கொண்டிருந்தால் பிணம்கூட எழுந்து "வாங்க" என்று சொல்லும். கதிரேசன் எழுந்து சொல்வான். தை மாதம் பதினேழு பத்திரிகை. முதல் மெமோ தை மாதத்தில் வந்ததற்கு இதுதான் காரணம். மாசியில் ஒன்பது காதுகுத்து.

இரண்டாவது மெமோ வந்த அன்று பொற்கொடி குழாயடியில் அழுதுவிட்டாள். அழுகையின் சத்தம் ஓயும் முன்பே ஐயாசாமி கையில் காகித அட்டையோடு வந்துவிட்டார். மணி பத்தரை. கதிரேசன் படுத்து அப்போதுதான் இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

"எந்திரிங்க கதிரேசு. உங்க தூக்கத்தைப் பத்தி விசாரிக்க வந்துருக்கறேன்."

கதிரேசன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஒரு தொழிலாளி தூங்க முடியலைன்னா அது அவனோட பிரச்சினை இல்லீங்க, சமுதாயத்தோட பிரச்சினை. நான் பாத்துக்கறேன். என்னென்ன இடைஞ்சல்? மறைக்காமச் சொல்லுங்க."

இடைஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தது. "நீங்கதானுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீடு தேடி வந்த பெரிய மனுஷரிடம், அதுவும் உதவி செய்ய வந்தவரிடம், அப்படிச் சொல்லும் நாக்கு அந்தப் பக்கத்தில் இதுவரை யாருக்கும் முளைத்ததில்லை. பங்காளிகளைச் சொல்லலாமா? அவர்கள் காதுக்குப் போய்விடும். கதிரேசன் மனம் நோகாத ஒன்றைத் தேடினான். சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது கல். கல்லுக்கு மனம் நோகாது.

"அந்த கிரைண்டருங்க..." என்றான்.

"அப்படிச் சொல்லுங்க!" என்று ஐயாசாமி துள்ளி எழுந்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு ஏன் வந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நான்காவது வீடு சாஜிதா பேகத்துடையது. அவள் கணவர் ரசாக் உக்கடத்தில் பாத்திரக் கடையில் வேலை செய்தார். சாஜிதா ஐந்து லிட்டர் கிரைண்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, பீளமேட்டுக் கல்லூரிப் பையன்கள் சாப்பிடும் இரண்டு மெஸ்ஸுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் அரிசி, உளுந்து, மறுபடி அரிசி என்று மூன்று மணிவரை ஓடும். கிரைண்டர் நின்ற சுவரும் கதிரேசனின் தலைமாட்டுச் சுவரும் ஒரே சுவர்.

ஐயாசாமி அங்கே போய், "ஒரு தொழிலாளியோட வாழ்க்கை உங்க கிரைண்டர்ல மாட்டிட்டு இருக்குதுங்க" என்றார்.

சாஜிதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "தம்பிக்குத் தூக்கம் வரலைன்னா நிறுத்திப்போடறனுங்க. சாயங்காலம் ஆட்டிக்கறேன். ஆனா இத்தனை நாளா ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே தம்பி" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் சுவரைத் தாண்டிக் கதிரேசனுக்கு நன்றாகக் கேட்டது.

ஒரே வாரத்தில் 'இரவுப் பணியாளர் பகலுறக்கப் பாதுகாப்பு மன்றம்' உதயமானது. தலைவர் ஐயாசாமி. உறுப்பினர்கள் மற்ற ஐந்து வீட்டார், அவர்களைக் கேட்காமலே. ஒன்பது முதல் மூன்று வரை விருந்தாளிக்குத் தடை, ரேடியோவுக்குத் தடை, கிரைண்டருக்குத் தடை, குக்கர் விசிலுக்குத் தடை என்று தீர்மானங்கள் நிறைவேறின. குக்கரைப் பற்றி ஐந்தாவது வீட்டு அம்மாள் சந்தேகம் கேட்டதற்கு, "விசில் வர்றதுக்கு முன்னாடியே எறக்கிப்போடுங்க" என்று தலைவர் விளக்கம் தந்தார். அன்று முதல் அந்த வீட்டில் பருப்பு வேகவில்லை.

வாசலில் அறிவிப்புப் பலகை மாட்டினார்கள். "கதிரேசன் தூங்கும் நேரம்: காலை 9 முதல் பிற்பகல் 3 வரை. அமைதி காக்கவும். இப்படிக்கு, தலைவர்." தலைவர் என்ற எழுத்து கதிரேசன் என்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் ஒரு கரும்பலகை. மில்களில் விபத்தில்லாத நாட்களை எழுதி வைப்பார்களே, அதுபோல "தடையற்ற தூக்கம்: 1 நாள்" என்று சாக்பீஸில் எழுதினார்.

அமைதி வந்தது. அப்படியோர் அமைதியைப் பீளமேடு அதற்கு முன் கண்டதில்லை. பெண்கள் குடத்தைத் தரையில் வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள். காய்கறி வண்டிக்காரர் வாயைத் திறக்காமல் ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனார். எங்கேயாவது ஒரு குழந்தை சிணுங்கினால் ஆறு வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் "உஷ்!" என்று கிளம்பும்.

கதிரேசன் மல்லாந்து படுத்தான். விருந்தாளி இல்லை. இருமல் இல்லை. கண்ணை மூடினான். கடிகார முள் நகர்வது கேட்டது. ஓட்டின் மேல் காக்கை நடப்பது கேட்டது. காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. எப்படியோ கண் அசந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"கரண்டு போயிருச்சா?"

"இல்லீங்க, படுங்க" என்றாள் பொற்கொடி, கிசுகிசுப்பாக.

படுத்தான். மறுபடி எழுந்தான். அன்று மட்டும் பதினோரு தடவை.

காரணம் எளிது, எளிதாக இருந்ததால்தான் யாருக்கும் பிடிபடவில்லை. மில்லில் ஃபிரேம்கள் ஓடும்வரை தொழிலாளிக்குக் கவலையில்லை. சத்தம் நின்றால்தான் ஆபத்து. கரண்டு போய்த் திடீரென்று அமைதியானால் அத்தனை பேரும் அடித்துப் பிடித்து ஓடுவார்கள். கரண்டு திரும்பி வரும்போது நூற்றுக்கணக்கில் நூல் அறுந்து கிடக்கும். பதினாறு வருஷமாகக் கதிரேசனின் உடம்பு கற்ற பாடம் அது ஒன்றுதான். இரைச்சல் என்றால் எல்லாம் சரி. அமைதி என்றால் எழுந்து ஓடு. அந்த உடம்பைக் கொண்டுவந்து மயான அமைதியில் கிடத்தினார்கள்.

மூன்று மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அசதி தாங்காமல் கண் உண்மையிலேயே செருகும். சரியாக மூன்றுக்கு, அமைதி நேரம் முடிந்ததை அறிவிக்க, தலைவர் வாசலில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்.

"நல்லாத் தூங்குனீங்களா கண்ணு?"

ஐந்து வீட்டாரும் பதிலுக்காக நிற்பார்கள். பருப்பு வேகாத வீட்டு அம்மாள் நிற்பாள். மாவுக்கு அரிசியை ஊறவைத்துக்கொண்டு சாஜிதா நிற்பாள்.

"தூங்குனேனுங்க" என்பான் கதிரேசன், கோவைப்பழக் கண்களோடு. தலைவர் கரும்பலகையில் ஒரு நாளைக் கூட்டுவார்.

இரவில் மில்லில் அவன் பச்சை மிளகாய் கடித்தான். கண்ணுக்குக் கீழே தைலம் தடவினான். சூப்பர்வைசர் பக்கத்து ஃபிரேம் மறைவில் மெமோ புத்தகத்தோடு கொக்குபோல் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"வேஸ்ட் ரூமுக்கு இப்பவே ஒரு துண்டு வாங்கி வெச்சுடு, தலையில கட்டிக்க" என்றான் பொற்கொடியிடம்.

"தலைவருகிட்ட உண்மையச் சொல்லித் தொலையுங்களே. 'தூக்கம் வரலீங்க'ன்னு."

"எனக்காக ஒரு தெருவே மூச்சை அடக்கிட்டு இருக்குது. அவங்ககிட்டப் போய் தூக்கம் வரலைன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

பன்னிரண்டாம் நாள் ஐயாசாமி ஒரு கல்யாணத்துக்காகக் காங்கேயம் போயிருந்தார். காலை பத்து மணிக்குச் சாஜிதா பேகம் பின்பக்கமாக வந்து பொற்கொடியைக் கூப்பிட்டாள்.

"அம்மணி, தப்பா நினைக்காத. மெஸ்ஸுல நாளைக்கு ஏதோ விழாவாம், ரெண்டு பங்கு மாவு கேக்கறாங்க. சாயங்காலம் ஆட்டினா முடியாது, வோல்டேஜே இருக்கறதில்ல. நாலு ஈடு மட்டும் இப்ப ஓட்டிக்கட்டுமா? கிரைண்டர் மேல போர்வை போட்டு மூடிக்கறேன்."

"போர்வையெல்லாம் எதுக்குங்க அக்கா? அவரு எப்படியும் கொட்டக் கொட்ட முழிச்சுட்டுத்தான் படுத்துருக்கறாரு. போடுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் கல் சுற்ற ஆரம்பித்தது. கட்டில் லேசாக அதிர்ந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த பொற்கொடி, என்ன சத்தம் இது என்று திரும்பினாள். கதிரேசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கல் சுற்ற ஆரம்பித்து நான்கு நிமிஷம்கூட இல்லை.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்து முதல் ஈடு முடிந்து கிரைண்டர் நின்றது. கதிரேசன் விலுக்கென்று உட்கார்ந்தான். "கரண்டு போச்சா?"

அடுத்த ஈடு ஓடியது, சாய்ந்தான். நின்றது, எழுந்தான். மூன்றாவது தடவை பொற்கொடி முறத்தைப் போட்டுவிட்டு நான்காவது வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, நிறுத்தாதீங்க!"

"மாவு நைஸாயிருச்சு அம்மணி. இன்னும் ஓட்டினா கல்லுதான் அரையும்."

"தண்ணிய ஊத்தி ஓட்டுங்க. சும்மா ஓட்டுங்க. மூணு மணி வரைக்கும் ஓட்டுங்க அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அன்று அவன் நான்கு மணி நேரம் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினான். இரவு மில்லில் அவன் நூல் ஒட்டிய வேகத்தைப் பார்த்துச் சூப்பர்வைசர் நான்கு தடவை வந்து நான்கு தடவையும் ஏமாந்து போனாராம்.

மறுநாள் காலை கதிரேசன் சாஜிதா வீட்டு வாசலில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, கிரைண்டர் இடைஞ்சல்னு சொன்னது நான்தானுங்க. உண்மையான இடைஞ்சல் தலைவருதான். எதுக்க உக்காந்துருந்தாரு. மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது?"

சாஜிதா சிரித்துச் சிரித்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அவரு மனசு நோகக் கூடாதுன்னு என்ற கல்ல நிறுத்திப்போட்டீங்களா தம்பி? நல்லா இருக்குது போங்க உங்க மரியாதை. என்னைய ஒரு ஆளாவே நினைக்கலியா?"

அது சிரிப்போடு கேட்டாலும் சிரிப்புக்குக் கேட்டதல்ல என்று கதிரேசனுக்குத் தெரிந்தது.

இனி தலைவரிடம் சொல்லியாக வேண்டும். மத்தியானம் ஒன்றரை மணிக்கு, புருஷனுக்கு வராத நாக்கைத் தான் வரவழைத்துக்கொண்டு, பொற்கொடி முதல் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே, பாய் விரித்து, பனியனை மார்புவரை சுருட்டிவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாவாத்தாள் வெளியே வந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"இப்ப எழுப்பாத கண்ணு. ரிட்டையர் ஆன நாள்ல இருந்து மத்தியானத் தூக்கமே இல்லைன்னு பொலம்பிட்டு இருந்தாரு. அந்த கிரைண்டர் சத்தம் மனுசனுக்கு ஆகவே ஆகாது. இந்த மன்றம் வந்ததுல இருந்து பாரு, பதினொண்ணுக்குப் படுத்தா மூணுக்குத்தான். அலாரம் வெச்சு எந்திரிச்சு வந்து அந்த இரும்புல அடிக்கறாரு."

பொற்கொடி திரும்பி வந்தாள்.

"மன்றத்தால ஒருத்தர் தூங்கறாருங்க" என்றாள் புருஷனிடம். "அது நீங்க இல்லை."

மூன்று மணிக்கு மேல் இருவரும் சேர்ந்து போய் விஷயத்தைச் சொன்னார்கள். ஐயாசாமி முழுவதும் கேட்டார். முகம் சுருங்கியது, பிறகு தலைவருக்குரிய அளவுக்கு விரிந்தது.

"கிரைண்டர் சத்தத்துல தூக்கம் வருதுன்னு வெளிய சொல்லாதீங்க கதிரேசு. நாலு பேர் சிரிப்பாங்க. அமைதியா இருந்தாத்தான் தூக்கம் வரும்னு தீர்மானம் போட்டாச்சு. அதும் இல்லாம, உங்க மில் லேபர் ஆபீசரே வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு இங்க வாராரு. நம்ம மன்றத்தைப் பாக்க. நான்தான் லெட்டர் போட்டேன்."

"லேபர் ஆபீசருங்களா? எதைப் பாக்க?"

"நீங்க தூங்கறதைத்தான்."

அதுவரை ஒழுங்கு குலையக் கூடாது என்று திங்கள்கிழமை முதல் ஐயாசாமியே நான்காவது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ளாததுதான் பாக்கி. அந்த மூன்று நாளும் தன் மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும், பாயில் தூங்காமல் நாற்காலியிலேயே தூங்கினார். கதிரேசன் மூன்று பகலும் கூரையைப் பார்த்தான். புதன் இரவு ஃபிரேமில் சாய்ந்துவிடப் பார்த்தான். பக்கத்து ஆள் கிள்ளியதால் தப்பினான். வியாழன் இரவு தப்ப மாட்டேன் என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரிந்தது.

வியாழன் பன்னிரண்டு மணிக்கு லேபர் ஆபீசர் காரில் வந்து இறங்கினார். கரும்பலகையில் "தடையற்ற தூக்கம்: 18 நாட்கள்" என்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கர்ப்பக்கிரகத்துக்குள் நுழைவதுபோல் ஒவ்வொருவராகக் கதிரேசனின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஆபீசர், தலைவர், மாலையோடு இருவர், கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம். கதிரேசன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தூங்குகிறவன் எப்படி மூச்சு விடுவான் என்று நினைத்து நினைத்து மூச்சு விட்டான்.

"தூங்கற மாதிரி தெரியலியே" என்றார் ஆபீசர் தாழ்ந்த குரலில். "இமை துடிக்குது."

"ஆழ்ந்த தூக்கமுங்க சார். கனவு காண்றாரு."

"இல்லியே, வேர்க்குது."

தலைவருக்குத் தன்மானம் பொங்கியது. ஆபீசருக்கு நிரூபித்துக் காட்ட, குனிந்து, வழக்கமான மரியாதையோடு கேட்டார். "ஏனுங்க கதிரேசு, தூங்கறீங்களா?"

கேட்டவர் பெரியவர். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது கதிரேசனின் ரத்தத்தில் இல்லை.

"தூங்கறேனுங்க ஐயா" என்றான், கண்ணைத் திறக்காமல்.

அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட அந்த நேரத்தில் பொற்கொடி பின்பக்கமாக நழுவினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "போடுங்க அக்கா."

கல் உருண்டது. சுவர் அதிர்ந்தது. கதிரேசனின் நெற்றி தளர்ந்தது, கை கட்டிலை விட்டு நழுவியது, வாய் திறந்தது. யாரும் கற்றுக்கொடுத்து வராத குறட்டை ஒன்று கிளம்பி அறையை நிறைத்தது. ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்ன அக்கிரமம் இது! தடை நேரத்துல!" என்று ஐயாசாமி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நான்காவது வீட்டுக்குப் பாய்ந்தார். ஸ்விட்சை அணைக்கும் சத்தம் கேட்டது.

அமைதி.

கதிரேசன் கட்டிலில் இருந்து அப்படியே எழும்பினான். கண் மூடியிருந்தது. "கரண்டு போச்சு! நூலெல்லாம் அந்துபோகும், ஓடியாங்கப்பா!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் நீட்டித் துழாவினான். கைக்கு அகப்பட்டது ஆபீசரின் சட்டை. பொத்தானில் பிரிந்து தொங்கிய ஒரு நூலை அவன் விரல்கள் கண்டுபிடித்தன. இரு விரலால் முறுக்கி, சுண்டி, நொடியில் ஒட்டிவிட்டு அடுத்த பொத்தானுக்குப் போனான். அங்கே நூல் அறுந்திருக்கவில்லை. திருப்தியாக மூன்றாவதற்குப் போனான்.

"அவரை உக்கார வையுங்க" என்றார் ஆபீசர். முகம் சிவந்திருந்தது. ஆனால் படித்தவர், விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த விதம்தான் தவறு. "அப்ப மெஷின் சத்தம்தான் இவனைத் தூங்க வைக்குது. ஃபிரேம்ல நிக்க வெச்சதே தப்பு. மெமோ கூடத் தேவையில்லை, சத்தமில்லாத வேஸ்ட் ரூம்தான் இவனுக்குச் சரி. நாளைக்கே மாத்திடலாம்."

கதிரேசனுக்கு அப்போதுதான் முழுதாக விழிப்பு வந்தது. வாசலில் நின்ற பொற்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சார், பசியோட பந்தி பரிமாறப் போறவன் எலையில கை வெப்பான். ஊட்டுல வயிறு நெறையத் தின்னுட்டுப் போறவன் வெப்பானுங்களா? பகல்ல இவரைத் தூங்க உட்டுப்போட்டு அப்பறம் பாருங்க. இப்ப இருந்து மூணு மணி வரைக்கும் இந்தக் கல்லு ஓடட்டும். இன்னைக்கு ராத்திரி நீங்களே மில்லுக்கு வாங்க. ரெண்டு மணிக்கு வாங்க, நாலு மணிக்கு வாங்க, விடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாருங்க. கண்ணு ஒரு தடவை மூடுச்சுன்னா நானே வந்து வேஸ்ட் ரூம்ல தொடப்பத்தை எடுத்துக் குடுக்கறேன்."

"இன்னைக்கு ராத்திரியா?" என்றார் ஆபீசர். "நானா?"

"நீங்கதானுங்க சார். நாளைக்கு ராத்திரியும் வாங்க. ஒரு வாரம் பாருங்க. அப்பத்தான் நியாயமா இருக்கும்."

இரவுப் பணியாளர் நலனைப் பற்றி மில்லின் சார்பில் மூன்று கருத்தரங்குகளில் பேசியவர் அவர். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் மில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைத் தடவினார். அது முன்னைவிட உறுதியாக இருந்தது.

"அதெல்லாம் அவசியமில்லைம்மா" என்றார் மிகுந்த பெருந்தன்மையோடு. "தொழிலாளி வார்த்தைய நம்பறதுதான் எங்க பாலிசி. அவர் ஃபிரேம்லயே இருக்கட்டும். அந்தப் பழைய மெமோ ரெண்டையும் நான் பேசிக்கறேன். தலைவரே, அந்த கிரைண்டரைப் போடச் சொல்லுங்க."

தலைவர் போய்ச் சாஜிதா பேகத்திடம் சொல்ல வேண்டியதாயிற்று.

"எனக்குச் சரியாக் கேக்கலீங்களே" என்றாள் சாஜிதா. "என்னங்க சொன்னீங்க?"

"கிரைண்டரைப் போடுங்கங்க."

"தீர்மானம் இருக்குதுங்களே."

"மாத்திக்கலாமுங்க" என்றார் ஐயாசாமி. சாஜிதா ஸ்விட்சைத் தட்டினாள்.

தீர்மானம் மாறியது. அமைதியைத் தொழிலாளிக்கு வழங்கிய அதே மன்றம் இரைச்சலையும் அவனுக்கு ஈட்டித் தந்தது என்று தலைவர் பலகையில் புதிதாக எழுதினார். குக்கர்கள் மறுபடி விசில் அடித்தன; ஐந்தாவது வீட்டில் பருப்பு வெந்தது. விருந்தாளித் தடையை மட்டும் யாரும் தொடவில்லை. வெள்ளகோவில் பங்காளிகள் இப்போது மாலை நாலு மணி பஸ்ஸுக்கு வருகிறார்கள். ஈட்டுக்கு ஈடு நிறுத்தாமல் சாஜிதா ஓட்டும் கிரைண்டர் மூன்று மணிக்கு நின்றதும் கதிரேசன் தானாக எழுந்துகொள்வதால் தண்டவாளத் துண்டுக்கு வேலையில்லை. பாவாத்தாள் அதைக் கழற்றித் துணி காயப்போடும் கொடிக்கயிற்றுக்குப் பாரமாகக் கட்டிவிட்டாள்.

ஐயாசாமிதான் மெலிந்துபோனார். பதினொன்றுக்குப் படுப்பார். புரளுவார். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். பன்னிரண்டரைக்கு எழுந்து வாசலில் நடப்பார். ஒருநாள் தாங்க முடியாமல், தான் போட்ட விருந்தாளித் தடையைத் தானே மீறி, மூன்றாவது வீட்டு ஜன்னலுக்கு வந்தார். கண்கள் கோவைப்பழமாக இருந்தன. உள்ளே கட்டில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க கதிரேசு" என்றார். "தூங்கறீங்களா?"

பதில் வரவில்லை.